மகாவீரர் அறவுரையும் ஆங்கிலப் பயிற்சியும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அருகன் திருவடி போற்றி.

சமவசரணத்தில் பகவான் மகாவீரரின் திவ்யத்வனியை அங்குக் குழுமிய உயிர்கள் அனைத்தும் தத்தம் மொழியிலேயே கேட்டுணர்ந்தன என்பது சமண மரபு. அறத்திற்கு மொழியெல்லை இல்லை என்பதே இதன் உட்பொருள். குந்தகுந்தர் பிராகிருதத்தில் எழுதிய அதே அறம் தமிழில் நாலடியாராகவும் நீலகேசியாகவும் மலர்ந்தது. அவ்வறத்தை ஆங்கிலத்திலும் எடுத்துரைக்க வேண்டிய தேவை இன்று சமண இல்லங்களின் வாயிலில் வந்து நிற்கிறது.

வந்தவாசி, திண்டிவனம், ஆரணி வட்டாரச் சிற்றூர்களில் பிறந்த பிள்ளைகள் கல்விக்கும் தொழிலுக்குமாகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் செல்கின்றனர். இரவில் ஏன் உண்பதில்லை, கிழங்கை ஏன் ஒதுக்குகிறாய் என்று விடுதித் தோழர் வினவுகின்றனர். இருளில் கண்ணுக்குப் புலப்படாமல் உணவில் விழும் சிற்றுயிர்களையும், ஒரு கிழங்கினுள் வாழும் எண்ணிலா உயிர்களையும் பற்றிப் பாட்டி சொன்னது நினைவில் உண்டு. அதனைச் சொல்ல ஆங்கிலம் நாவில் எழுவதில்லை. 'வீட்டு வழக்கம்' என்று கூறி ஒதுங்கும் பிள்ளை, நாளடைவில் அவ்வழக்கத்தையே கைவிடுகிறது. மொழிக்குறை ஒழுக்கக் குறையாக முடிவது இவ்வாறுதான்.

கடைக்குச் செல்லுதல், மருத்துவரைக் காணுதல் போன்ற உரையாடல்களை மனப்பாடம் செய்வதால் ஆங்கிலம் ஓரளவே வரும். உள்ளத்தில் சொல்லியே தீரவேண்டிய பொருள் இருக்கும்போதுதான் சொல் பிறக்கும். மகாவீரர் அருளிய கருத்தொன்றை நடுவே வைத்து உரையாடினால் அப்பொருள் தானே கிடைக்கிறது.

அகிம்சையை எடுத்துக்கொள்ளலாம். 'நான் வயலன்ஸ்' என்பது பெருவழக்கு. 'வயலன்ஸ்' என்றதும் அடிதடியே மனத்தில் தோன்றும். 'நான் இன்ஜுரி' என்றால் மனத்தாலும் வாக்காலும் காயத்தாலும் எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமை என்னும் பொருள் விரியும். திருக்குறள் இன்னா செய்யாமை, கொல்லாமை என இரண்டு அதிகாரங்கள் வகுத்திருப்பதன் நுட்பமும் அப்போது விளங்கும். எந்த ஆங்கிலச் சொல் பொருந்தும் என்று வாதிடும் மாணவன், ஆங்கிலத்தோடு குறளையும் கற்றவனாகிறான்.

'ஸ்யாத்' என்னும் சொல்லைப் 'பெர்ஹாப்ஸ்' என்று பெயர்த்தோர் உண்டு. அது ஐயத்தைக் குறிக்கும் சொல். அநேகாந்தமோ ஐயவாதம் அன்று. ஒருவனே தன் மகனுக்குத் தந்தை, தன் தந்தைக்கு மகன். இரண்டும் உறுதியான உண்மைகளே. நோக்குநிலை மட்டுமே வேறு. ஆகவே 'இன் சம் ரெஸ்பெக்ட்' என்பதே பொருத்தம். ஒரு சொற்பிழை ஒரு தத்துவத்தையே கோழைத்தனமாகக் காட்டிவிடும் என்பதை இளைஞர் இங்கு உணர்வர்.

மன்னிப்பும் அத்தகையதே. 'சாரி' என்பது வருத்தத்தை மட்டும் சொல்லி நின்றுவிடும். க்ஷமாவணி நாளில் மன்னிப்பை வேண்டுவதும் வழங்குவதும் ஆகிய இரண்டும் நிகழ்கின்றன. 'ஃபர்கிவ் மீ' என்பதனோடு 'ஐ ஃபர்கிவ் யூ' என்பதும் சேர்ந்தால்தான் அந்நாளின் பொருள் நிறைவுறும்.

இவ்வழிக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய தமிழ்ச் சமணர் அ. சக்கரவர்த்தி நயினார், குந்தகுந்தரின் பஞ்சாஸ்திகாயத்தை 1920இலும் சமயசாரத்தை 1950இலும் ஆங்கிலத்தில் தந்தார். இடையே 1936இல் நீலகேசியை உரையுடன் பதிப்பித்தார். ஆங்கிலப் புலமை அவரைத் தமிழினின்றும் சமயத்தினின்றும் பிரிக்கவில்லை. இரண்டிற்கும் தொண்டு செய்யும் கருவியாயிற்று.

செய்முறை எளிது. ஞாயிறுதோறும் வழிபாடு முடிந்தபின் ஜினாலய மண்டபத்தில் அரைமணி நேரம் போதும். மகாவீரரின் 2500ஆம் நிர்வாண ஆண்டையொட்டி, வினோபாவின் தூண்டுதலால் அனைத்துப் பிரிவினரும் ஏற்கத் தொகுக்கப்பட்ட சமணசுத்தத்தில் 756 பாடல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றின் கருத்தைப் பெரியவர் ஒருவர் தமிழில் விளக்குக. இளைஞர் ஒருவர் அதனை ஆங்கிலத்தில் கூறுக. மற்றொருவர் வினா எழுப்புக. பெரியவர் பொருள் தருவார், இளையவர் சொல் தருவார், இருவருமே மாணவர்.

விதி ஒன்றே ஒன்று: பிழையாகப் பேசுபவரை எவரும் நகைத்தல் கூடாது. அந்நகைப்பும் வாக்கால் செய்யும் இம்சையே. நகைப்புக்கு அஞ்சி வாய்மூடிய பிள்ளைகள் பலர். அவ்வச்சம் நீங்கிய அவையில் ஆங்கிலம் தானே வளரும்.

அடுத்த முறை விடுதியில் அக்கேள்வி எழும்போது, சமண இல்லத்துப் பிள்ளை தலைகுனியாமல் விடை பகர வேண்டும். அதற்கான பயிற்சி ஜினாலய நிழலில் தொடங்கட்டும்.

வாழ்க அறம்! வளர்க அகிம்சை!