டிராக்டர் டிரெய்லரைத் துருவும் விரிசலும் அணுகாமல் காப்போம்

(கூத்தாநல்லூரை அடுத்த ஊராட்சி ஒன்றில், உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் முன்னோர் மாட்டு வண்டியை எவ்வாறு பேணினார்கள் என்பதை இங்கே அமர்ந்திருக்கும் முதியோர் நன்கு அறிவர். அச்சுக்கு மையிடாமல் வண்டி வாசலைத் தாண்டாது. சக்கரத்தின் இரும்புப் பட்டை தளர்ந்தால் அன்றே கொல்லன் பட்டறைக்குப் போகும். இன்று நெல்லும் எருவும் உரமும் டிராக்டர் டிரெய்லரில் செல்கின்றன. அது இரும்பாயிற்றே, தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்று நாம் இருந்துவிடுகிறோம். மரம் உளுத்துப் போவது போல இரும்பும் உளுத்துப் போகும் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஓர் அறுவடைக் காலத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். நெல் மூட்டைகளுடன் கொள்முதல் நிலையத்துக்குச் சென்ற டிரெய்லர் ஒன்று, வாய்க்கால் கரையில் ஏறும்போது இழுவைச் சட்டம் முறிந்து பின்னால் உருண்டது. மூட்டைகள் தண்ணீரில் விழுந்தன. முறிந்த முகத்தைப் பார்த்தேன். பாதிக்கு மேல் கறுத்துத் துருவேறியிருந்தது. எஞ்சிய பகுதி மட்டுமே புதிதாகப் பளபளத்தது. அந்தச் சட்டம் அன்று ஒடிந்ததன்று. பல நாட்களாகச் சிறுகச் சிறுக ஒடிந்துகொண்டே வந்திருக்கிறது. முந்தின நாள் மாலை அதே பெட்டியில்தான் கூலிப் பெண்கள் ஏறி வீடு திரும்பினார்களாம். டிரெய்லரில் ஆட்களை ஏற்றலாகாது என்ற விதி ஏன் வந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சிறு விரிசல்தானே என்று எண்ணாதீர்கள். அமெரிக்காவில் ஒகையோ ஆற்றின் மீது 1928இல் கட்டப்பட்ட பெரிய தொங்கு பாலம் ஒன்று 1967 டிசம்பர் 15ஆம் நாள் இடிந்து விழுந்தது. 46 பேர் மாண்டனர். ஒரே ஓர் இரும்புச் சட்டத்தில், சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழமே இருந்த விரிசல்தான் அதற்குக் காரணம். அதை உண்டாக்கி வளர்த்தவை துருவும் சுமையும். துரு இரும்பை மெலியச் செய்கிறது. சுமை அதைப் பிளக்கிறது. பிளந்த இடத்தில் ஈரம் புகுந்து மேலும் துருவை வளர்க்கிறது.

கடற்காற்றின் உப்பு பாம்பன் பாலத்தை எப்படி வருத்தியது என்பது நாடறிந்த செய்தி. 1914இல் திறந்த அப்பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது; 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. நம் ஊரில் கடற்காற்று அவ்வளவாக இல்லையே என்பீர்கள். ஆனால் நாம் ஏற்றும் பொட்டாஷும் அம்மோனியம் சல்பேட்டும் உப்பினத்தைச் சேர்ந்தவை அன்றோ! சிந்திய உரம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தகட்டின் மூலைகளில் தங்கி அரிக்கிறது. தொழுவெருவும் ஈர வைக்கோலும் அவ்வாறே செய்கின்றன. ஆகவே உரமோ எருவோ இறக்கிய அன்றே பெட்டியை நன்னீரால் கழுவ வேண்டும். தகட்டிலுள்ள வடிதுளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கழுவிய நீர் வடியும்படி, பெட்டியைச் சற்றுச் சாய்வாக நிறுத்துவது நன்று.

விரிசலைக் காணும் எளிய வழி ஒன்று உண்டு. இழுவைச் சட்டம், கொக்கி, பட்டைகள் பொருந்தும் இடம், பற்றவைப்பின் ஓரங்கள் ஆகியவற்றை நன்கு துடைத்து உலர்த்துங்கள். மண்ணெண்ணெயைத் தடவிக் கால் மணி நேரம் விட்டு, மீண்டும் உலரத் துடையுங்கள். பிறகு சாக்குக்கட்டித் தூளை மெல்லத் தூவுங்கள். விரிசல் இருந்தால், உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெண்மையின் மீது கருங்கோடாகத் தெரியும். வண்ணப்பூச்சின் மீது மயிரிழை போன்ற செந்நிறக் கோடு கண்டாலும் ஐயுற வேண்டும். தூக்கிய பெட்டியின் அடியில் செல்லுமுன் உறுதியான முட்டுக் கொடுக்க மறவாதீர்கள்.

விரிசல் கண்டபின் அதன் மேலே பற்றவைத்து மூடிவிடுவது புண்ணின் மேல் துணி போர்த்துவதாகும். அதன் முனையில் சிறு துளையிட்டு மேலும் ஓடாமல் தடுத்து, விரிசலை அடிவரை அராவி எடுத்த பின்னரே தேர்ந்த தொழிலாளியைக் கொண்டு முழு ஆழத்துக்குப் பற்றவைக்க வேண்டும். வைக்கோலையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முன்னரே அகற்றி, டிரெய்லரை டிராக்டரிலிருந்து கழற்றி வையுங்கள். அச்சிலோ கொக்கியிலோ விரிசல் கண்டால் ஒட்டவே கூடாது, மாற்றிவிட வேண்டும்.

துருவின் மேல் வண்ணம் பூசினால் துரு உள்ளேயே வளரும். கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, இரும்பு தெரிந்தபின், ரெட் ஆக்சைடு இரு முறையும் எனாமல் இரு முறையும் பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பின்னரே அடுத்தது. ஈயம் கலந்த செந்தூரப் பூச்சு முன்னாளில் பெயர் பெற்றிருந்தது. ஈயம் நஞ்சாதலால் அதை விலக்குங்கள். பழைய பூச்சைச் சுரண்டும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். எஞ்சின் கழிவெண்ணெயைப் பூசுவதும் வேண்டாம். அது வாய்க்கால் நீரையும் வயலையும் கெடுக்கும்.

இவற்றுக்கு ஏற்ற காலம் சித்திரையும் வைகாசியும். சம்பா, தாளடி அறுவடை முடிந்து, வெயில் காய்ந்து, வேலை குறைந்திருக்கும். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளாகிய ஜூன் 12க்கு முன் வண்டி ஆயத்தமாகிவிடும். பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஊரிலுள்ள எல்லா டிரெய்லர்களையும் ஆண்டுக்கொரு நாள் ஓரிடத்தில் நிறுத்திப் பார்வையிட ஏற்பாடு செய்யுங்கள். குப்பை அள்ளும் பெட்டியைத்தான் துரு முதலில் தின்னும். ஆகவே பஞ்சாயத்தின் பெட்டியையே முதலில் நிறுத்துங்கள். கண்ட குறையையும் செய்த பழுதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஒரு குப்பி மண்ணெண்ணெயும் ஒரு பிடிச் சாக்குக்கட்டித் தூளும் ஓர் உயிரைக் காக்கும் என்றால், அந்தச் செலவுக்கு நாம் தயங்கலாமா? வரும் கோடையிலேயே தொடங்குங்கள்.