நீலம் மலிவான கதை

செஞ்சிக்குத் தெற்கே பனமலை. அங்கே பல்லவன் ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில் பார்வதியின் ஓவியம் ஒன்று உண்டு. ஏறக்குறைய 1,300 வயது. அந்தக் காலத்து ஓவியனுக்கு வண்ணக்கடை ஏது? காவி மண், சுண்ணாம்பு, கரி என்று தேடித் தானே அரைத்துக்கொள்ள வேண்டும்.

நீலம்தான் பெரும்பாடு. உயர்ந்த நீலக்கல் ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்து வரவேண்டும். ஐரோப்பாவில் அதன் விலை தங்கத்தோடு போட்டி போட்டது. பிரான்சில் கிமே என்ற வேதியியலாளர் வெள்ளைக் களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைச் சுட்டு அதே நீலத்தைச் செய்துகாட்டி, 1828-இல் பரிசும் பெற்றார். 1841-இல் அமெரிக்க ஓவியர் ஜான் ராண்ட் வண்ணத்தைத் தகரக் குழாயில் அடைத்தார். அதை எடுத்துக்கொண்டு ஓவியர்கள் வயல்வெளிக்கே போய் வெயிலைத் தீட்டினார்கள். நம் ரவிவர்மாவின் தூரிகையில் பட்டுச்சேலை மினுமினுத்ததும் எண்ணெய் வண்ணத்தால்தான்.

ஒருகாலத்தில் மாதா உருவத்தின் மேலாடைக்கென்று ஐரோப்பிய ஓவியர்கள் பொத்திவைத்த நீலம், ஆலையில் பிறந்தபின் என்ன ஆயிற்று தெரியுமா? நீலப்பொடியாகி, நம் தாத்தாக்களின் வேட்டியை வெளுக்க வந்துவிட்டது!