கோடை விடுமுறையும் குடும்பத்தின் மனநலமும்

பங்குனித் திங்கள் முடியுமுன்பே கேரளத்துப் பள்ளிகள் ஆண்டுத் தேர்வை முடித்துக் கதவடைத்துவிடுகின்றன. ஏப்ரல், மே ஆகிய இரு திங்களும் பிள்ளைகளுக்கு விடுமுறை. விடுமுறை என்றவுடன் மகிழ்ச்சி என்றே எண்ணிவிடுகின்றோம். ஆயினும் பிறந்த ஊரை விட்டுப் பிழைப்புக்காக வந்து வாழும் நம்போன்றார்க்கு இவ்விரு திங்களும் ஒருவகைச் சோதனைக் காலமே ஆகும். கொச்சி நகரின் இடப்பள்ளியில் குடியிருக்கும் நாங்கள் இதனை நன்கு உணர்ந்திருக்கின்றோம். பம்பாயிலும் பெங்களூரிலும் டில்லியிலும் வாழும் அன்பர்களும் தத்தம் அனுபவத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பள்ளி நாட்களில் ஒரு வீடு கடிகாரத்தைப் போல இயங்குகின்றது. எழுவதற்கும் உண்பதற்கும் உறங்குவதற்கும் ஒழுங்கு இருக்கின்றது. பள்ளி மூடிய மறுநாளே அவ்வொழுங்கு குலைகின்றது. வெப்பமும் புழுக்கமும் இரவு உறக்கத்தைக் கெடுக்கின்றன. உறக்கம் கெட்டால் சினம் மிகுகின்றது. தந்தையார்க்கு விடுமுறை இல்லை. தாயார்க்கோ வேலை இரட்டிப்பாகின்றது. இரண்டு அறை வாடகை வீட்டில், அயல் மொழி பேசும் தெருவில், நாள் முழுவதும் ஒருவர் முகத்தையே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் அன்புள்ள குடும்பத்திலும் கசப்பு முளைக்காமல் இருக்குமா?

எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன், மாசித் திங்களில், ஊரிலிருந்த பாட்டியார் காலமானார். தேர்வு நெருங்கியிருந்தமையால் பன்னிரண்டு வயது மகனை அண்டை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் சென்று வந்தோம். அவ்வாண்டுக் கோடையில் ஊருக்குச் செல்லவில்லை. அங்கே வீடு பூட்டிக் கிடந்தது. பையன் முதல் வாரம் கைப்பேசியும் கையுமாக இருந்தான். இரண்டாம் வாரம் உணவைக் குறைத்தான். மூன்றாம் வாரம் கேட்ட கேள்விக்கு விடை கூறுவதையும் நிறுத்தினான். நாங்கள் அதனைத் திமிர் என்று கொண்டோம், கடிந்துகொண்டோம். ஓரிரவு விளக்கை அணைத்தபின், "பாட்டி வீட்டுச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது?" என்று அவன் கேட்டான். அப்போதுதான் எங்களுக்குக் கண் திறந்தது. நாங்கள் ஊரில் அழுதுவிட்டு வந்தோம். அவனுக்கு அழ இடமே கிடைக்கவில்லை. அடுத்த வாரமே விடுப்பு எடுத்து அவனை அழைத்துச் சென்றோம். பூட்டைத் திறந்தவன் அவனே. திண்ணையில் அமர்ந்து நெடுநேரம் அழுதான். திரும்பி வரும்போது இரயிலில் இட்டிலி கேட்டு உண்டான்.

மனநலம் என்னும் சொல் மருத்துவர்கள் அண்மையில் ஆக்கிய சொல் என்று சிலர் கருதுகின்றனர். சிற்றினம் சேராமை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் அச்சொல்லை ஆண்டிருக்கின்றார். அதனை இனநலம் என்பதோடு இணைத்தே பேசுகின்றார். ஒருவர் மனம் நலமுற்றிருக்க அவரைச் சூழ்ந்தோரின் துணை வேண்டும் என்பது அதனால் விளங்கும். இனத்தைப் பிரிந்து வந்த நமக்கு இக்கருத்து இரட்டிப்பாகப் பொருந்தும். ஊரில் தானாகக் கிடைத்த சுற்றத்தை இங்கே நாம் முயன்று தேடிக்கொள்ள வேண்டும்.

எங்கே தேடுவது? இடப்பள்ளியையே எடுத்துக்கொள்வோம். இது கவிஞர்கள் பிறந்த மண். சங்கம்புழ கிருஷ்ண பிள்ளை 1911-ஆம் ஆண்டில் இங்கே தோன்றினார். அவருடைய நண்பர் இடப்பள்ளி ராகவன் பிள்ளையும் இவ்வூரினரே. ராகவன் பிள்ளை 1936-ஆம் ஆண்டில், தம் இருபத்தேழாம் வயதில், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். நண்பரைப் பறிகொடுத்த துயரில் சங்கம்புழ இயற்றிய 'ரமணன்' என்னும் காவியம் மலையாள நாடெங்கும் பரவியது. அக்காவியத்தின் புகழைக் காட்டிலும் அந்த நண்பர் நெடுங்காலம் வாழ்ந்திருப்பதே பெரிது என்று எவரும் ஒப்புவர். அன்று இல்லாத உதவிகள் பல இன்று நமக்கு இருக்கின்றன. அவற்றை அறிந்துகொள்ளாமல் இருப்பது தகாது.

அக்கவிஞர் பெயரால் அமைந்த சங்கம்புழப் பூங்கா கலை நிகழ்ச்சிகளுக்குப் பெயர் பெற்றது. அதன் பெயரையே கொண்ட மெட்ரோ நிலையமும் 2017 முதல் இயங்குகின்றது. வெயில் தாழ்ந்தபின் பிள்ளைகளை அங்கே நடத்திச் செல்வதற்குச் செலவு ஒன்றும் இல்லை. கேரளத்தின் கடந்த காலத்தை உருவங்களாலும் ஒளியாலும் ஒலியாலும் காட்டும் வரலாற்று அருங்காட்சியகமும் இடப்பள்ளியிலேயே இருக்கின்றது. பழைய சேர நாட்டின் வரலாற்றில் நமக்கும் பங்கு உண்டன்றோ?

நூலகங்களை மறத்தல் ஆகாது. பி. என். பணிக்கரின் முயற்சியால் 1945-ஆம் ஆண்டில் தொடங்கிய நூலக இயக்கத்தின் பயனாகக் கேரளத்தில் ஊர்தோறும் வாயனசாலைகள் இருக்கின்றன. எறணாகுளம் பொது நூலகமோ 1870-ஆம் ஆண்டு முதல் இருந்து வருவது. பிள்ளைகள் அங்கே மலையாள நூல்களைப் படிக்கட்டும். இல்லத்தில் நாள்தோறும் அரை மணி நேரம் நாம் தமிழ் கற்பிப்போம். இரு மொழியிலும் வேரூன்றிய பிள்ளைக்குத் தெருவும் சொந்தம், வீடும் சொந்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எறணாகுளத்தில் படகேறிக் கோட்டைக் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் சென்று வரலாம். டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த வண்ணார் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் கோட்டைக் கொச்சியின் சலவைத் துறையில் இன்றும் தொழில் செய்கின்றனர். தலைமுறை தலைமுறையாகத் தமிழர் இங்கே தலைநிமிர்ந்து வாழ்ந்திருக்கின்றனர் என்பதைக் கண்ணால் காணும் பிள்ளைக்குத் தனிமை உணர்ச்சி குறையும்.

இனி, வீட்டினுள் செய்யத்தக்கவை சில. எழும் நேரத்தையும் உறங்கும் நேரத்தையும் விடுமுறையிலும் மாற்றாதிருத்தல் நலம். வடகம் பிழிதல், மாவடு போடுதல் போன்ற கோடைக்கால வேலைகளில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வேறுபாடின்றி அனைவரையும் ஈடுபடுத்தலாம். பல்லாங்குழியும் தாயமும் பரணிலிருந்து இறங்கட்டும். வாரம் ஒருமுறை ஊரிலிருக்கும் பெரியோரோடு பிள்ளைகள் தாமே பேசட்டும். அண்டையிலுள்ள மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து, ஒரு நாள் ஒரு வீடு என்று முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால், ஒவ்வொரு தாயார்க்கும் வாரத்தில் சில நாட்கள் ஓய்வு கிட்டும். தாயாரின் ஓய்வை ஆடம்பரமாக எண்ணுதல் பெருந்தவறு. அவர் தளர்ந்தால் குடும்பமே தளரும்.

இவையெல்லாம் செய்தும் தீராத துன்பம் உண்டு. உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, காரணமற்ற அழுகை, எவரோடும் பேசாமை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவ உதவியை நாடவேண்டும். வாழ்வில் வெறுப்புற்றுப் பேசினால் ஒரு நாளும் தாமதித்தலாகாது. அவ்வாறு பேசுபவரிடம் அதனைப் பற்றி நேரடியாகவும் பரிவோடும் கேட்பதால் தீங்கு விளையாது; அவரைத் தனியே விடாமல் இருக்கவேண்டும். 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் நடுவணரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். கேரளத்தில் 'திசா' என்னும் 1056 எண்ணும் உண்டு. மொழி தெரியாதே என்ற தயக்கம் இனி வேண்டுவதில்லை. அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு வழிகாட்ட ஆஷா பணியாளரும் அங்கன்வாடிப் பணியாளரும் இருக்கின்றனர்.

குடும்பமே ஒரு மருந்து என்பதை மருத்துவ உலகும் ஏற்றுக்கொண்டிருக்கின்றது. 1957-ஆம் ஆண்டில் தோன்றிய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைக்கும் முறை நெடுங்காலமாகப் பின்பற்றப்படுகின்றது. நோயுற்றவரை மறைத்து வைப்பதை விடுத்து உடனிருந்து துணை செய்வதே நாம் அதனால் கற்கவேண்டிய பாடமாகும்.

ஜூன் திங்களில் மழை வரும். பள்ளி மணியும் ஒலிக்கும். அதற்கு முன் உள்ள நாட்களில், நாளுக்குக் கால் மணி நேரமேனும், கைப்பேசியை ஒதுக்கி வைத்துவிட்டு, நம் வீட்டில் பேசாதிருக்கும் ஒருவர் அருகில் அமர்வோம். உடனே பேச்சு வராவிடினும் காத்திருப்போம். எங்கள் மகனின் கேள்வியும் அவ்வாறு ஓர் இருளில்தான் வந்தது.