யந்திரத்துக்குச் செய்யும் மரியாதை

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது பிளாஸ்மா வெட்டுமேஜையைத் துடைத்துப் பேணும் விஷயம். "துடைப்பதற்குமா ஒரு பிரசங்கம்?" என்று சிலர் சிரிக்கலாம். துடைக்கிற வேலை சிரிப்புக்கிடமானது என்கிற எண்ணம் நமக்குள் எப்படிப் புகுந்தது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

முதலில் யந்திரம் இன்னதென்று பார்ப்போம். 1957ல் அமெரிக்காவில் யூனியன் கார்பைடு கம்பெனியைச் சேர்ந்த ராபர்ட் கேஜ் என்பவர் இந்தச் சுடருக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். அழுத்திய காற்றை மின்சாரச் சுடரோடு ஒரு சிறு துவாரத்தின் வழியே செலுத்தினால், சுமார் 20,000 டிகிரி சூடு உண்டாகி இரும்பை உருக்கி ஊதித் தள்ளுகிறது. சுடரைக் கம்ப்யூட்டர் நடத்துகிறது. காற்றும் மின்சாரமும் கணக்குமே இதன் சூக்ஷ்மம். இன்று இது வீட்டுக் கொட்டகைக்கும் வந்துவிட்டது.

இதற்கு நம்மவர்கள் செய்வதென்ன? ஆயுத பூஜையன்று கழுவி, சந்தனம் குங்குமம் அப்பி, பூசணிக்காய் உடைக்கிறார்கள். மற்ற 364 நாளும் இரும்புத்தூள் படிகிறது. பூஜை முடிந்து ஐப்பசி பிறந்தால் மழை. காற்றில் ஈரம் ஏறி, கம்ப்ரஸர் தொட்டியில் தண்ணீர் சேருகிறது. அது டார்ச்சுக்குள் போனால் நாஸிலும் எலக்ட்ரோடும் சீக்கிரம் தேய்ந்து, வெட்டு கோணுகிறது. உடனே "கண் திருஷ்டி" என்று எலுமிச்சம்பழம் கட்டுகிறார்கள். தொட்டியின் அடியிலுள்ள குழாயைத் திறந்துவிட்டால் அந்தத் திருஷ்டி தானே ஒழுகிப் போகாதா? தண்டவாளத்தில் பூசின குங்குமமோ, எண்ணெயோடு குழைந்து இரும்புத்தூளைப் பிடித்துக்கொண்டு, அரம்போல் அராவுகிறது.

1936ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. நூற்பு யந்திரத்தில் படியும் பஞ்சை எடுக்க எந்தத் தொழிலாளியும் நவராத்திரிக்குக் காத்திருப்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர் சட்டியை வருஷத்துக்கொரு முறையா தேய்க்கிறார்?

ஆனபடியால் தினம் வேலை முடிந்ததும் மின்சாரத்தை அறவே நிறுத்துங்கள். கம்ப்ரஸர் தண்ணீரை வடியுங்கள். தண்டவாளத்தையும் பல்சட்டத்தையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். காற்றை ஊதித் தூளைப் பேரிங்குக்குள் தள்ளாதீர்கள். நாஸிலின் துவாரம் வட்டம் கெட்டிருந்தாலும், எலக்ட்ரோடின் முனையில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் குழி விழுந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். வாரந்தோறும் தகடு தாங்கும் பட்டைகளில் ஒட்டிய கசட்டைத் தட்டுங்கள். எர்த் கிளிப்பின் துருவைச் சுரண்டுங்கள். காற்று வடிகட்டியைப் பாருங்கள்.

தண்ணீர்த் தொட்டி வைத்த மேஜையானால் உயிர் சம்பந்தமான ஒரு விஷயம் உண்டு. அலுமினியம் வெட்டினால் அதன் தூள் தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். அது தகட்டின் அடியில் தங்கி, மறுநாள் சுடர் பட்டதும் வெடிக்கும். ஆகையால் அலுமினிய வேலை முடிந்ததும் சேற்றை வாரிவிடவேண்டும். தகட்டை இரவில் மேஜைமேல் விடக்கூடாது. எவர்சில்வர் வெட்டிய சேற்றில் குரோமியம் இருக்கும். அதைக் கண்மாயிலும் சாக்கடையிலும் கொட்டுவது ஊருக்கே துரோகம்.

இந்தச் சேற்றை வாருகிறவர் யார்? சுவிட்சைத் தட்டுவது முதலாளி வேலை, அழுக்கள்ளுவது பையன் வேலை என்று பல பட்டறைகளில் வகுத்து வைத்திருக்கிறார்கள். அழுக்கை உண்டாக்குகிறவன் மேல், அதை அகற்றுகிறவன் கீழ் என்கிற பழைய ஜாதிப்புத்தி புது யந்திரத்தின் மீதும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பையனுக்கு ஹைட்ரஜன் என்றால் என்னவென்று யாரும் சொல்வதில்லை. வெடித்தால் பக்கத்தில் நிற்பவன் அவன்தான். பிறகு "விதி" என்பார்கள். சொல்லித்தராத குற்றத்துக்கு விதி என்று பெயர் வைப்பது எவ்வளவு சௌகரியம் பாருங்கள்!

ஆதலால் தோழர்களே, துணியை முதலாளியும் எடுக்கட்டும். காரணத்தைப் பையனும் தெரிந்துகொள்ளட்டும். யந்திரத்துக்கு மரியாதை அதுவே, மனிதனுக்கும் அதுவே.