மாத்திரையா, மொட்டை மாடியா?



வளரும் பிள்ளைகளின் எலும்புக்குப் பலம் மாத்திரையால்தான் என்று எதிரணிச் சகோதரி அடித்துப் பேசிவிட்டுப் போனார். சத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை அம்மா! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020-இல் போட்ட கணக்குப்படி, 13 முதல் 15 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். இரண்டு டம்ளர் பாலிலேயே ஏறக்குறைய பாதி வந்துவிடும். 100 கிராம் கேழ்வரகில் 300-க்கு மேல். மிச்சத்துக்குத் தயிர், எள்ளுருண்டை, முருங்கைக்கீரை. எல்லாம் நம் வீட்டு அடுக்களையில் இருப்பவைதானே?

அந்தக் கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். அது எங்கே இருக்கிறது? மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருந்தது! கோடை விடுமுறையில் பாட்டி வடாம் பிழிவாள். "டேய், காக்கா வந்துடும், நகரக் கூடாது" என்று என்னைக் காவலுக்கு உட்கார வைப்பாள். வடாமும் காய்ந்தது, நானும் காய்ந்தேன். (சிரிப்பு) என் தோலுக்குள் வைட்டமின் டி தயாராகிக்கொண்டிருந்தது. அது பாட்டிக்கும் தெரியாது, காக்காய்க்கும் தெரியாது!

இன்றைக்கு அடையாறு அடுக்குமாடியில் மொட்டை மாடிக்குப் பூட்டு. ஜன்னல் கண்ணாடி வழியாக வெளிச்சம் வரும். வைட்டமின் டி தரும் கதிர் அநேகமாக வராது. மாலை 6 மணிக்கு எலியட்ஸ் பீச்சுக்குப் போனால் மிளகாய் பஜ்ஜி கிடைக்கும், வைட்டமின் டி கிடைக்காது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் அதற்கு உகந்த நேரம். கத்திரி வெயிலில் நின்று மயங்கச் சொல்லவில்லை. மற்ற நாளில் கொஞ்ச நேரம் வெளியே விடுங்கள்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு வந்ததும் என் மகளின் த்ரோபால் விளையாட்டை நிறுத்தியவன் நான்தான். தி.நகர் ட்யூஷனில் சேர்த்துவிட்டு, "இந்த ஒரு வருஷம் படிம்மா, அப்புறம் விளையாடலாம்" என்றேன். எலும்புக்கு 'அப்புறம்' கிடையாது ஐயா! பெண்ணுக்கு 18, பையனுக்கு 20 வயதுக்குள் எலும்புச் சேமிப்பில் சுமார் 90 சதவீதம் முடிந்துவிடுகிறது. ஓடிக் குதித்தால்தான் எலும்பு அந்தக் கால்சியத்தை வாங்கி இறுக்கிக்கொள்ளும். அறுபது வயதில் குளியலறையில் வழுக்கி விழும்போது கைகொடுப்பது பதினைந்து வயதில் போட்ட சேமிப்புதான். என் மகளுக்கு அந்த ஒரு வருஷத்தை எந்த மருந்துக் கடையில் வாங்கித் தருவேன்? (கைதட்டல்)

பரிசோதித்து, குறை இருக்கிறது என்று டாக்டர் எழுதினால் மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள். பக்கத்து வீட்டு மாமி சொன்னார் என்று கொடுக்காதீர்கள். வாரம் ஒன்று என்று எழுதிய 60,000 யூனிட்டைத் தினம் ஒன்றாக விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும்.

ஆகவே நடுவர் அவர்களே, கணக்கு வாத்தியார் கடன் வாங்கிய பி.டி. பீரியடைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளியுங்கள். மொட்டை மாடிச் சாவியையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.