கபச்சுரப்பியும் புதுமருந்தும்

(நம் சங்கத்து மாதக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



சுகாதாரத்தைக் குறித்துச் சில சொல்லுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். நாம் தமிழாசிரியரேயன்றி மருத்துவர் அல்லோம். ஆயினும் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உளது. புற்றுநோய்க்குப் புதுமருந்து பெறுவோர்க்கு வரும் சோர்வு, நோயினால் வந்ததாகவே இருக்கவேண்டுவதில்லை. தீர்க்கத்தக்க வேறொரு கேடாகவும் இருக்கலாம் என்பதே அது.

திருச்சுழியில் 1879-இற் பிறந்த ரமண மகரிஷிக்கு இடக்கையிற் சார்க்கோமா என்னும் புற்றுக் கண்டது. 1949-இல் நான்கு முறை அறுத்தும், ரேடியம் வைத்தும் அது மீண்டும் மீண்டும் முளைத்தது. 1950 ஏப்ரல் 14-இல் அவர் திருவண்ணாமலையில் உடல் நீத்தார்.

இன்றோ, உடலின் காவற்படையையே புற்றின்மேல் ஏவும் மருந்துகள் வந்துள்ளன. இரத்தத்திலுள்ள டி அணுக்கள் பகையை அழிப்பவை. அவை சொந்த உடலைத் தாக்காதபடி இயற்கை கடிவாளம் இட்டிருக்கின்றது. அக்கடிவாளத்தை அவிழ்த்துப் புற்றை ஒடுக்கும் வழி கண்ட ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோஞ்ஜோ இருவரும் 2018-இல் நோபெல் பரிசு பெற்றனர். இம்மருந்துகளின் விலையோ மிகப் பெரிது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையார், தலை கழுத்துப் புற்றுடையோர்க்கு வாய்வழி மருந்துகளோடு நிவோலுமாப் என்பதை 20 மில்லிகிராம் என்னும் சிற்றளவிற் சேர்த்துக் கொடுத்தனர். ஓராண்டு உயிரோடிருந்தோர் 100-க்கு 16 என்பதிலிருந்து 43 ஆக உயர்ந்ததென 2022-இல் வெளியிட்டனர். வெற்றிலையோடு புகையிலை அடக்கும் நம்மவர்க்கு இது பெருஞ் செய்தியன்றோ?

ஆனால், கடிவாளம் நீங்கிய காவலர் சிலவேளை சொந்த வீட்டையும் தாக்குவர். மூளையின் அடியிற் பட்டாணியளவில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பி அவ்வாறு தாக்கப்படுவதுண்டு. சளி அதன் வழியே இறங்குகின்றதென முற்கால மேனாட்டார் மயங்கி இட்ட பெயர் அது. தமிழிலும் கபச்சுரப்பி என்றனர். அதன் தொழிலோ பிற சுரப்பிகளுக்கு ஏவல் அனுப்புவது. கண்மாய் நிறைந்திருந்தும், மடை திறக்கும் நீர்பாய்ச்சி நோயிற் கிடந்தாற் பயிர் வாடும். அதுபோலவே, கபச்சுரப்பி அழற்சியுற்றால், சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி நலமாயிருந்தும் கார்ட்டிசால் சுரவாது. அஃதின்றேல் சிறு காய்ச்சலும் உயிரைக் கொள்ளும்.

இபிலிமுமாப் என்னும் மருந்தில் இக்கேடு மிகுதி. நிவோலுமாப் தனித்துக் கொடுக்குங்கால் அரிது. பெரும்பாலும் சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்துத் தோன்றும். தலைவலி, நீங்காத அசதி, உணவில் வெறுப்பு, வாந்தி, எழுந்தால் தலைசுற்றல் ஆகியவை குறிகள், தலைவலியின்றியும் வரலாம். சித்திரை வெயிலில் இவற்றை யார் ஐயுறுவர்? வெயிலின் கொடுமையென்று மோர் கொடுத்துப் படுக்க வைப்போம். அன்றேல் புற்று முற்றிற்றென்று நம்பிக்கை இழப்போம். காக்கத்தக்க உயிர் இவ்விடத்தே தான் கைநழுவும்.

ஆதலின் மூன்று செய்திகளை மனத்திற் கொள்க.

முதலாவது: இக்குறிகள் கண்டவுடன், மருந்து கொடுத்த மருத்துவரிடம் சென்று, காலை நேரக் கார்ட்டிசால், சோடியம், தைராய்டு ஆகியவற்றுக்கு இரத்தம் சோதிக்க வேண்டுமா எனக் கேளுங்கள்.

இரண்டாவது: ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை கொடுக்கப்பெற்றால், விரத நாளாயினும் விடலாகாது. பலர்க்கு அது வாழ்நாள் முழுதும் வேண்டும். காய்ச்சல் வந்தால் மருத்துவர் சொல்லியபடி அளவைக் கூட்டவேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிடின் ஊசிக்காக உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். தைராய்டு மருந்தும் வேண்டியிருப்பின், இம்மாத்திரை தொடங்கிய பின்னரே அதனைத் தொடங்குவர்.

மூன்றாவது: இன்ன மருந்து பெறுகின்றார் என்று எழுதிய சீட்டு நோயாளியின் சட்டைப்பையில் எந்நாளும் இருத்தல் வேண்டும். நள்ளிரவில் மயங்கியவரைக் காணும் மருத்துவர்க்கு அதுவே வழிகாட்டும்.

கபச்சுரப்பி கெட்டதனாற் புற்றுநோய் மருத்துவம் முடிந்ததென்று அஞ்சவேண்டா. குறைந்த சுரப்பை மாத்திரையால் நிரப்பியபின், புதுமருந்தைப் பெரும்பாலோர் தொடரலாம். இதனைக் கேட்ட ஒவ்வொருவரும் தத்தம் தெருவில் மருந்துண்ணும் ஒரு வீட்டிற்கேனும் சென்று சொல்வீர்களாக.