கோட்டை வாசலுக்கு வந்தவர்கள்

பொன்முடியிலிருந்தும் போணக்காட்டிலிருந்தும் மலையிறங்கி வந்திருக்கும் தோட்டத் தொழிலாளத் தோழர்களே!

இந்த வித்துரா முக்கில், டீக்கடை பெஞ்சில், கொஞ்ச நாளாக ஒரு பேச்சு அடிபடுகிறது. "வேலுத்தம்பி மாதிரி ஒருத்தர் வரணும். லஞ்சம் வாங்குறவன் காதை அறுக்கணும். அப்பதான் நாடு உருப்படும்." இளைஞர்கள் சொல்கிறார்கள், வயதானவர்கள் தலையாட்டுகிறார்கள். அந்தப் பேச்சை மறுக்கத்தான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன். வேலுத்தம்பி தளவாயின் பெயர் சொல்லி வாதாட வருகிறவர்கள் அவருடைய கதையை முழுசாகச் சொல்ல வேண்டும். பாதிக் கதையை வைத்து நம் பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்க விடமாட்டோம்.

முதலில் அவருடைய பெருமையைச் சொல்கிறேன். 1765-இல் தலக்குளத்தில் பிறந்தவர். இரணியலுக்குப் பக்கத்து ஊர். இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டம், தமிழ்நாடு. மலையாளி தன் வீரன் என்கிறான், நாஞ்சில் நாட்டான் தன் ஊர்க்காரன் என்கிறான். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

1798-இல் திருவிதாங்கூர் அரியணையில் ஏறிய பாலராம வர்மாவுக்கு வயது 16. பையன் பெயரில் ஆட்சி, அதிகாரமெல்லாம் மூன்று பேர் கையில். ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, தச்சில் மாத்து தரகன். கஜானா காலி. என்ன செய்தார்கள்? ஊர் ஊராகப் பெயர்ப் பட்டியல் எழுதினார்கள். இவன் இத்தனை கட்ட வேண்டும், அவன் அத்தனை கட்ட வேண்டும் என்று ஓலை போனது. கட்ட முடியாதவன் முதுகில் சவுக்கு விழுந்தது.

அந்தப் பட்டியலில் வேலுத்தம்பியின் பெயரும் வந்தது. அப்போது அவர் காரியக்காரர், நம் காலத்துப் பேச்சில் தாசில்தார். 3,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். அவர் சத்தம் போடவில்லை. மூன்று நாள் தவணை கேட்டார். கொடுத்தார்கள். பணம் புரட்டப் போகிறான் என்று நினைத்தார்கள். அவர் நேரே நாஞ்சில் நாட்டுக்குப் போய் ஆள் திரட்டினார். தவணை முடிந்து அவர் திரும்பி வந்தபோது கையில் பணமில்லை, பின்னால் ஜனம் இருந்தது. திருவனந்தபுரம் கோட்டை வாசலை அந்த ஜனம் அடைத்து நின்றது. அது 1799.

அந்தக் கூட்டம் கேட்டது என்ன என்று கவனியுங்கள். "ராஜாவே இறங்கு" என்று கேட்கவில்லை. "நீதி வேண்டும்" என்று பொத்தாம் பொதுவாகவும் கத்தவில்லை. நம்பூதிரியை நீக்கி நாடு கடத்து. மற்ற இருவரைத் தண்டி. உப்பு வரியை எடு. மற்ற புது வரிகளை எடு. ஒவ்வொன்றையும் அன்றைக்கே நிறைவேற்ற முடியும், நிறைவேறியதா இல்லையா என்று மறுநாள் காலையில் எவரும் சரிபார்க்க முடியும். படை நடத்தியவர்கள் ஆயிரம் பேர் உண்டு. வந்த கூட்டத்துக்கு இன்னது வாங்கித் தர வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவர்கள் சிலர்தான். அந்த நாளைய வேலுத்தம்பிக்கு அது தெரிந்திருந்தது. பாலராம வர்மா பணிந்தார். நம்பூதிரி போனார். செட்டிக்கும் தரகனுக்கும் காது அறுபட்டது, சிறையில் அடைபட்டார்கள்.

டீக்கடைப் பேச்சு இந்த இடத்தில் நின்றுவிடுகிறது, தோழர்களே. வரலாறு நிற்கவில்லை.

வேலுத்தம்பி மந்திரியானார், 1802-க்குள் தளவாயும், அதாவது தலைமை மந்திரியும் ஆனார். அந்தப் பதவிக்கு வரும் வழியில் அரண்மனைச் சதிகாரர்கள் அவர் உயிருக்கே உலை வைத்தார்கள். அப்போது கைகொடுத்தவர் யார்? கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்ட் கர்னல் மெக்காலே. இதை மேடைகளில் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டால் பின்னால் நடந்தது எதுவும் விளங்காது.

தளவாயாக அவர் உழைத்த உழைப்பை நான் குறைக்க மாட்டேன். நிலத்தை அளந்து கணக்கெழுதினார். சங்கனாச்சேரிச் சந்தை அவர் போட்டது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஆளவில்லை, ஊர் ஊராகப் போய் வழக்குக் கேட்டார். களவு செய்தவனுக்கும் கணக்கில் கைவைத்தவனுக்கும் அந்த இடத்திலேயே தண்டனை. சவுக்கடி, காது மூக்கு அறுப்பு, மரத்தில் அறைவது. நாடு நடுங்கியது. திருட்டுக் குறைந்தது, கஜானா நிறைந்தது. இதைத்தான் நம் இளைஞர்கள் வேண்டும் என்கிறார்கள்.

சரி. 1804-க்கு வாருங்கள்.

கணக்கைச் சரிக்கட்ட வேண்டும் என்று தளவாய் ஒரு முடிவெடுத்தார். நாயர் படையினருக்குக் கொடுத்துவந்த படிக்காசைக் குறைக்க வேண்டும். படை கொதித்தது. ஆயிரக்கணக்கில் திரண்டு திருவனந்தபுரம் நோக்கி நடந்தது. தளவாயை நீக்கு, கம்பெனியோடு உறவை அறு என்று கேட்டது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே வழியில், இதே கோட்டைக்கு, வயிற்றிலும் மடியிலும் கைவைத்த அரசை எதிர்த்து ஜனத்தைக் கூட்டி வந்தவர் யார்? அவர்தான் இப்போது கோட்டைக்குள் இருக்கிறார். வந்தவர்களோடு பேசினாரா? இல்லை. கொச்சிக்கு மெக்காலேயிடம் போனார். கம்பெனியின் பலத்தோடு திரும்பி வந்தார். கலகம் அடங்கியது. தலைவர்களில் ஒருவரான கிருஷ்ண பிள்ளையின் இரண்டு காலையும் இரண்டு யானைகளில் கட்டிக் கிழித்தார்கள். 1878-இல் சங்குண்ணி மேனன் எழுதிய திருவிதாங்கூர் வரலாற்றில் இது இருக்கிறது. எதிரி கட்டிவிட்ட கதை அல்ல.

அதற்கு விலை என்ன தெரியுமா? கலகம் அடங்கிய சூட்டோடு 1805 ஜனவரி 12-இல் புது ஒப்பந்தம். கம்பெனிப் படைக்கு நாம் கட்ட வேண்டிய தொகை வருஷத்துக்கு எட்டு லட்சம் ரூபாய். அதோடு, உள்நாட்டு ஆட்சியில் கம்பெனி தலையிடலாம், அதன் ஆலோசனையை ராஜா கேட்டு நடக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். சொந்தப் படையின் படிக்காசை மிச்சம் பிடிக்கப் போனவர், அந்நியப் படைக்கு எட்டு லட்சம் கட்டும் நிலைக்கு நாட்டைக் கொண்டுபோய் நிறுத்தினார். தோழர்களே, பின்னால் அவர் கம்பெனியை எதிர்த்து எழுந்து 1809-இல் கண்ட தோல்வி, பிரகடனம் செய்த குண்டறையில் தொடங்கவில்லை. 1804-இல், பேசியிருக்க வேண்டிய இடத்தில் யானையைக் கொண்டுவந்தபோது தொடங்கியது.

"அந்தக் காலம் அப்படி, எல்லாரும் அப்படித்தான்" என்று சமாதானம் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதற்கு 21 வருஷம் முன்னால், 1783 மார்ச்சில், அமெரிக்காவில் நியூபர்க் என்ற ஊரில் இதே சம்பளப் பாக்கிக்காக அதிகாரிகள் கலகத்துக்குத் தயாராக இருந்தார்கள். படைத்தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் தானே அந்தக் கூட்டத்துக்குள் போனார். ஒரு கடிதத்தைப் படிக்க வேண்டி, கண் தெரியாமல், பையிலிருந்து மூக்குக்கண்ணாடி எடுத்து மாட்டினார். அவர் கண்ணாடி போட்டு அவர்களில் பலர் பார்த்ததில்லை. நம்மோடு சேர்ந்து இந்த மனிதனும் தேய்ந்துபோயிருக்கிறான் என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. கலகம் அங்கேயே கரைந்தது. அந்த வருஷக் கடைசியில் படைத்தலைமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அந்த வாஷிங்டன் பண்ணையிலும் அடிமைகள் இருந்தார்கள். அவரைக் கும்பிடச் சொல்லவில்லை. கூலி பாக்கி என்று வந்தவன் முன்னால் ஒரு தலைவன் எப்படிப் போய் நின்றான் என்பதற்கு மட்டும் சொன்னேன்.

தோட்டத்தில் பிறந்த நமக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று இருக்கிறது. டூசென் லூவர்த்யூர். கரீபியக் கடலில் ஹெய்ட்டித் தீவு. கரும்புத் தோட்டத்து அடிமையாய்ப் பிறந்தவர். 1791-இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது படைத்தலைவராக எழுந்து, பிரெஞ்சுக்காரன், ஸ்பானியன், ஆங்கிலேயன் மூவரோடும் மோதியவர். வேலுத்தம்பி கோட்டைக்கு நடந்த அதே வருஷங்களில் அவர் அந்தத் தீவை ஆண்டார். ஆட்சிக்கு வந்ததும் என்ன செய்தார்? விடுதலையான அடிமைகளைப் பட்டாள ஒழுங்கின் கீழ் மறுபடியும் அதே தோட்டங்களில் வேலைக்கு நிறுத்தினார். ஏற்றுமதி குறையக்கூடாதாம். 1801-இல் தொழிலாளர்கள் எழுந்தார்கள். அவர்கள் பக்கம் நின்ற மொயீஸ் அவர் மகன் போல வளர்த்த தளபதி. அவரையே சுட்டுக் கொல்ல உத்தரவிட்டார். மூன்றாம் மாதம் நெப்போலியனின் படை வந்து இறங்கியது. டூசென் ஜனத்தை அழைத்தார். முன்பு போல ஜனம் ஒரே அலையாக எழவில்லை. 1803-இல் பிரான்சு மலைக்கோட்டைச் சிறையில் குளிரில் செத்தார். விடுதலையை முடித்து வைத்தவர்கள் வேறு ஆட்கள்.

இந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு 1809-ஐப் பாருங்கள். எட்டு லட்சம் கட்ட முடியவில்லை, பாக்கி ஏறியது. மெக்காலே நெருக்கினார். பழைய நண்பர் கழுத்தில் கைவைத்தார். அப்போதுதான் தளவாய்க்குள் இருந்த கலகக்காரர் மறுபடி விழித்தார். கொச்சியின் மந்திரி பாலியத்து அச்சனோடு சேர்ந்து 1808 டிசம்பர் கடைசியில் போல்காட்டியில் ரெசிடென்ட் மாளிகையைத் தாக்கினார். மெக்காலே தப்பிக் கப்பலேறிவிட்டார். 1809 ஜனவரி 11-இல் குண்டறையில் பிரகடனம். கம்பெனி வஞ்சகம் செய்தது, இனி எல்லாரும் எழுங்கள் என்றார். நியாயமான அழைப்பு. துணிவான அழைப்பு.

ஆனால் யார் மிச்சம்? திப்பு 1799 மே மாதம் சாய்ந்தார். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது அதே வருஷம் அக்டோபரில். மருது சகோதரர்கள் 1801-இல் சாதி பார்க்காமல் எல்லாரையும் அழைத்துத் திருச்சியில் அறிக்கை ஒட்டினார்கள், அந்த வருஷம் அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கு. வயநாட்டில் பழசிராஜா 1805-இல் விழுந்தார். தெற்குச் சீமை முழுக்க எரிந்த அந்த வருஷங்களில் நம் வேலுத்தம்பி மெக்காலேயோடு நட்பாக இருந்தார். அவர் எழுந்தபோது எழ வேண்டியவர்கள் எல்லாரும் மண்ணுக்குள் போயிருந்தார்கள். பிப்ரவரி 10-இல் ஆரல்வாய்மொழி அரணைக் கம்பெனிப் படை உடைத்தது. பாலியத்து அச்சன் கைவிட்டார். ராஜாவும் கைகழுவினார். உம்மிணித் தம்பி தளவாயாகி வேலுத்தம்பியையே வேட்டையாட ஆளனுப்பினார்.

மண்ணடிக் கோயிலில், உயிரோடு பிடிபட மாட்டேன் என்று வேலுத்தம்பி தன் உயிரை முடித்துக்கொண்டார். அந்தச் சாவில் கறையில்லை. செத்த உடலைக் கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள், தலக்குளம் வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கவர்னர் ஜெனரல் மின்டோவே அந்தப் பிண அவமானத்தைக் கண்டித்தார். எதிரிக்கே கூசிய இடம் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கும். வைக்கத்தில் தளவாய்க்குளம் என்று ஓர் இடம் உண்டு. 1806 வாக்கில் கோயிலுக்குள் போகத் துணிந்த ஈழவ இளைஞர்களைத் தளவாயின் ஆட்கள் வெட்டிப் போட்ட குளம் என்று அந்த ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். அதே வைக்கத்துக்குத்தான் 1924-இல் பெரியார் வந்து சிறை போனார். அந்த ஜனத்தை உதறிவிட்டு எழுதிய அழைப்புக்கு எத்தனை பேர் எழுவார்கள்? குண்டறைப் பிரகடனமே சாதி ஆசாரம் கெட்டுப்போகும் என்ற பயத்தைக் கிளப்பித்தான் ஆள் சேர்த்தது. ஆசாரத்தின் பெயரால் தெருவில் நடக்கக்கூட விடாமல் வைத்திருந்தவனிடம் போய், உன் ஆசாரத்தைக் காப்பாற்ற வா என்றால் அவன் எதற்கு வருவான்?

அந்தத் தோல்விக்குப் பின், மெக்காலேக்கு அடுத்து வந்த ரெசிடென்ட் மன்றோவே திவானும் ஆனார். வெள்ளைக்காரன் சொன்னதுதான் சட்டம் என்று ஆன பிறகுதான் இந்த மலைகள் வெள்ளைத் துரைமார் கைக்குப் போயின. அதன் பின்னால்தான் நம் பாட்டன் பூட்டன் இந்த மலைக்கு வந்து லயத்தில் குடியேறினார்கள். 1804-க்கும் நம் லயத்துக் கூரைக்கும் தொடர்பு உண்டு, தோழர்களே.

இப்போது காது அறுக்கிற தலைவர் வேண்டும் என்கிற தம்பிமாரைக் கேட்கிறேன். கிராஜுவிட்டி வராமல் பத்து வருஷமாக ஓடுகிற லயத்துக் கிழவி நாளைக்கு அந்தத் தலைவரின் வாசலில் போய் நின்றால், அவர் கத்தி யார் பக்கம் திரும்பும்? அறுக்கிற கை முதலில் களவாணியின் காதைத் தேடும். அடுத்து, கூலி கேட்டு வந்தவனைத் தேடும். கிருஷ்ண பிள்ளை களவாணி அல்ல, படிக்காசு கேட்டவர்.

திருவனந்தபுரம் செயலகத்துக்கு முன்னால் வேலுத்தம்பி சிலையாக நிற்கிறார். 2025 பிப்ரவரி 10 முதல் அதே செயலக நடையில் ஆஷா பணியாளர்கள் மாதக்கணக்கில் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியம் பத்தாது, 21,000 வேண்டும் என்று மழையில் உட்கார்ந்தார்கள். அவர்களும் 1799-இல் வந்தவர்கள் மாதிரி எண்ணிக் காட்டக்கூடிய கோரிக்கையோடுதான் வந்தார்கள்.

படைத்தலைவனாக ஒருவர் வேண்டும் என்றால் நமக்குப் பக்கத்திலேயே இருந்தார். 1912-இல் நெடுமங்காட்டுச் சந்தையில் தாழ்த்தப்பட்ட ஜனம் நுழைந்து பண்டம் வாங்கக்கூடாது என்று தடுத்தபோது, அய்யங்காளி தன் ஆட்களோடு உள்ளே நுழைந்தார். அடித்தார்கள், திருப்பி அடித்தார்கள், சந்தை திறந்தது. அதே அய்யங்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உட்கார்ந்து பள்ளிக்கூடமும் நிலமும் கேட்டுப் பேசினார். சந்தையில் தன்னோடு நின்ற ஜனத்துக்காகத்தான் சபையிலும் பேசினார், அவர்களை அடக்கச் சொல்லி எந்தத் துரையிடமும் போகவில்லை.

மே 6 வேலுத்தம்பியின் பிறந்த நாள். செயலகத்துச் சிலைக்கு மாலை போட நாமும் போகிறோம். போட்டுவிட்டு, அன்றைக்கு அந்த நடைபாதையில் யார் போராட்டப் பந்தல் போட்டிருக்கிறார்களோ அவர்களோடு சாயங்காலம் வரை உட்காருகிறோம். நம் பென்ஷன், கிராஜுவிட்டிப் பாக்கிப் பட்டியலையும் கொண்டுபோய் மந்திரி கையில் கொடுக்கிறோம். ஒவ்வொரு பெயருக்கும் எத்தனை வருஷப் பாக்கி என்று எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு மேடைக்கு வலது பக்கம் இரண்டு தங்கைமார் நோட்டோடு இருக்கிறார்கள். காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறுகிறோம்.